மேல் ஸட்ஜம்

"அந்தப் பொண்ணுக்குக் காதுல ஏதோ கோளாறு. நான் சொல்றேன், எழுதி வெச்சுக்கோங்கோ."

டாக்சி லேக் கார்டன்ஸ் எல்லையைத் தாண்டுவதற்குள் கோமளம் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிட்டாள்.

முன்சீட்டில் இருந்த ஜெய்ராம் திரும்பினான். பெண் பார்க்கப் போவது அவனுக்குத்தான். "இன்னும் பொண்ணையே பார்க்கலை. அதுக்குள்ளயாம்மா?"

"அவா எதிர் ஃப்ளாட் பெங்காலி மாமி சுப்ரியாதி என்கிட்ட சொன்னா. கொரியர்ல டப்பா டப்பாவா வந்து இறங்கறதாம். எல்லாத்துலயும் காது படம். இவ ரூம் கதவைச் சாத்திண்டு போன்ல பேசறாளாம். இடது காது, வலது காதுன்னு நாள் பூரா அதே பேச்சாம். என்னமோ வைத்தியம் நடக்கறதுடா. நம்மகிட்ட மறைக்கறா."

"வேற யாருக்காவது வாங்கியிருப்பா."

"அந்த ஆத்துல இருக்கறது அவளும் அவ அம்மாவும்தான். அம்மாக்காரி பாம்புக் காது. நான் போன்ல முணுமுணுத்தாக்கூடப் பதில் சொல்றா."

பக்கத்தில் இருந்த அவள் கணவர் கிருஷ்ணமூர்த்தி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பாங்க் ஆபீசராக ரிடையர் ஆனவர். வீட்டில் வாயைத் திறந்தால் வம்பு என்பது அவருக்கு அனுபவப் பாடம்.

"இன்னிக்கு அவளைப் பாடச் சொல்றேன்" என்றாள் கோமளம். "காது சரியில்லாதவாளுக்கு ஸ்ருதி நிக்காது. குட்டு வெளிப்பட்டுடும்."

பாட்டு என்றதும் ஜெய்ராம் முன்பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த வருஷம் பார்த்த மூன்று பெண்களையும் அம்மா பாட்டை வைத்துத்தான் கழித்துக்கட்டியிருந்தாள். மூவர் மீதும் ஒரே குற்றச்சாட்டு, குரல் நடுங்குகிறது. சபா மேடையில் பாடியவள் சொன்னால் மறுத்துப் பேச வீட்டில் யார் இருக்கிறார்கள்? இன்று பார்க்கப் போகும் சாய்பிரியாவின் போட்டோவை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் அவன். இவளையாவது அம்மா விட்டுவைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே பெண் வீடு இருந்த சால்ட் லேக் வந்து சேர்ந்தான்.

சாய்பிரியாவின் அம்மா மீனாக்ஷி தட்டுகளில் சொஜ்ஜியும் சந்தேஷ் இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். கோமளம் தட்டைத் தொடவில்லை. பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்பிரியா தலைமுடியைத் தளரவிட்டிருந்தாள், காது தெரியவில்லை. கோமளத்துக்கு அதுவும் ஒரு சாட்சி.

"ஒரு பாட்டு பாடேன்மா, கேப்போம்."

சாய்பிரியா பிகு செய்யவில்லை. ஒரு கீர்த்தனையை எடுத்து, மெல்ல மேலே ஏறி, மேல் ஸட்ஜத்தில் நீட்டி நின்றாள். ஜெய்ராம் சொக்கிப்போனான். கிருஷ்ணமூர்த்தி தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

"போறும், நிறுத்து" என்றாள் கோமளம். "மேல போனதும் குரல் நடுங்கறது. தண்ணிக்குள்ளேர்ந்து வராப்ல அலையறது. உனக்கு அது கேக்கலையா?"

"இல்லையே மாமி."

"எப்படிக் கேக்கும்? காது மெஷின் டப்பா டப்பாவா வரது எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேளா?" மீனாக்ஷியின் பக்கம் திரும்பினாள். "குறையை மறைச்சுக் கல்யாணம் பண்றது மோசடி இல்லையா?"

மீனாக்ஷி மகளைத் திரும்பிப் பார்த்தாள். சாய்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமி, அதுதான் என் உத்தியோகம். நான் ஆடியாலஜிஸ்ட். கடைக்குப் போக முடியாதவா, போகக் கூச்சப்படறவா எல்லாம் ஆன்லைன்ல கம்மி விலைக்குக் காது மெஷின் வாங்கறா. அவாகிட்ட போன்ல பேசி, எது கேக்கறது எது கேக்கலைன்னு விசாரிச்சு, இங்கேர்ந்தே மெஷினைச் சரி பண்ணித் தருவேன். அந்த டப்பாவெல்லாம் கம்பெனி அனுப்பற சாம்பிள்."

ஜெய்ராமுக்கு உயிர் வந்தது. ஆனால் கோமளம் இறங்கி வரவில்லை.

"இருக்கட்டும். அப்போ குரல் ஏன் நடுங்கித்து?"

"நடுங்கலையே, கோமளம்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "கம்பி மாதிரி நின்னுது."

"ஆமாம்மா. எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றான் ஜெய்ராம்.

கோமளம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். புருஷனும் பிள்ளையுமா சேர்ந்து பொய் சொல்கிறார்கள்? காதால் கேட்டதை இல்லை என்கிறார்களே!

சாய்பிரியா இப்போது சிரிக்கவில்லை. கோமளத்தையே கூர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளே வாங்கோ மாமி, குங்குமம் எடுத்துக்கலாம்."

பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள். "இப்போல்லாம் யார் பாடினாலும் இப்படித்தான் நடுங்கறதா மாமி? டிவியில கச்சேரி கேட்டாக்கூட?"

கோமளம் மெல்லத் தலையசைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"நடுங்கறதுன்னு நீங்க சொன்னப்பவே புரிஞ்சுடுத்து. உங்க காதுல இருக்கற மெஷின் பேச்சுக்குன்னு செட் பண்ணினது மாமி. யாராவது ஸ்வரத்தை நீட்டிப் பிடிச்சா அது விசில்னு நினைச்சு அமுக்கப் பார்க்கும். அப்போ அலையத்தான் செய்யும். பாட்டுக்குத் தனி செட்டிங் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை. வாங்கினப்புறம் வித்த கம்பெனிக்கு ஒரு தடவைகூட நீங்க போன் பண்ணலையா?"

கோமளத்தின் கை காதை மூடி வாரியிருந்த முடிக்குள் போனது. "போன்ல பேசினா ஆத்துல தெரிஞ்சுடுமேடி. சபாவுல பாடினவளுக்குக் காது போயிடுத்துன்னு ஊரே சிரிக்காதா?" சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ... நான் வேண்டாம்னு சொன்ன அந்த மூணு பொண்களும்?"

"நன்னாத்தான் பாடியிருப்பா, மாமி."