கோரைப் பல்

நேற்று மதியம் இரண்டரை மணிக்கே பிடுங்கியிருக்க வேண்டிய பல்.

டாக்டருக்கு அவசரமாக பேங்க் வேலை, நாளைக் காலையில் வாருங்கள் என்று போனில் சொல்லிவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் விடிய விடியக் கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். ஊசி போட்டாகிவிட்டது. பாதி உதடு யாருடையதோ போலிருந்தது.

தலைக்கு வலப்பக்கம் டாக்டர். இடப்பக்கம் டாக்டரின் மனைவி. அந்தக் கிளினிக்கில் போன் எடுப்பவள், பெயர் கூப்பிடுபவள், இடுக்கி எடுத்துக் கொடுப்பவள் எல்லாம் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

டாக்டர் கேட்பதற்கு முன்பே இடுக்கி வந்தது. ஆனால் கைக்கு வரவில்லை. தட்டில் ணங்கென்று விழுந்தது.

“மாஸ்டர், அந்தப் படம் பார்த்தீங்களா?” என்றார் டாக்டர்.

எந்தப் படம் என்று கேட்க வேண்டியதில்லை. வெளியே காத்திருந்தபோதே மாஸ்டருக்குக் காது புளித்துவிட்டது. சதுப்புக் காட்டுப் பிசாசை ஒரு பெண் காதலிக்கிற படம். ஏழெட்டு விருதாம். பெஞ்சில் இருந்த கல்லூரிப் பெண் மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் அழுதிருந்தாள். கரண்ட் பில்லுக்குப் பயந்து விளக்கே போடாமல் எடுத்திருக்கிறார்கள் என்றார் அவளுடைய அப்பா. பக்கத்து மருந்துக்கடைக்காரர், தூக்கம் வராதவர்களுக்கு இனிமேல் மாத்திரை வேண்டாம், டிக்கெட் கொடுத்தால் போதும் என்றார்.

“என்ன வேணா சண்டை போடுங்க. முடிவை மட்டும் சொல்லிடாதீங்க” என்று அப்போது மேஜைக்குப் பின்னாலிருந்து டாக்டரின் மனைவி அவர்களிடம் கெஞ்சினாள்.

மாஸ்டர் படம் பார்க்கவில்லை. சொல்லவும் வழியில்லை. வாய்க்குள் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், டாக்டரின் இரண்டு விரல்கள்.

“ஆ” என்றார்.

“பார்த்திருக்கார்” என்றார் டாக்டர், காற்றிடம். “அப்ப நீங்களே நியாயம் சொல்லுங்க. அந்தப் பிசாசோட மேல் கோரைப் பல்லை அவ வெறும் விரலால பிடுங்கறாளே, நடக்கற கதையா? வாயிலயே நீளமான வேர் அதுக்குத்தான். நான் காலை ஊனிக்கிட்டு இழுத்தாலே வேர்த்துக் கொட்டும். அவ பூப் பறிக்கிற மாதிரி எடுக்கறா. ஊசி இல்ல. பஞ்சு இல்ல. ரத்தம் நிக்கறதுக்குள்ள முத்தம் வேற!”

பேச்சின் வேகத்துக்கு இடுக்கியும் ஆடியது. மாஸ்டரின் வலது கால் தானாக பிரேக்கை மிதித்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரையே காப்பாற்றிய கால். இங்கே மிதிக்க ஒன்றும் இல்லை.

“மாஸ்டர்” என்றாள் மனைவி, அவருடைய நெற்றியைப் பார்த்து. “அந்தப் பல்லு இருக்கற வரைக்கும் அவன் யாரையாவது கொன்னுக்கிட்டேதான் இருக்கணும். அதான் சாபம். அவனா வந்து அவ மடியில தலையை வெச்சு வாயைத் திறக்கறான். அதைப் பார்த்துச் சிரிக்கறவங்களை என்ன செய்யறது?”

“ஆ.”

“ஞாயித்துக்கிழமை தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கிட்டிருக்கு. இவர் மட்டும் ‘வேரு, வேரு’ன்னு விழுந்து விழுந்து சிரிக்கறார். முன் சீட்டு ஆள் எழுந்து நின்னே திரும்பிப் பார்த்தான். மானம் போச்சு. நான் எழுந்து வந்துட்டேன்.”

“நானும் பின்னாலயே வந்துட்டேன்னு சொல்லுங்க மாஸ்டர். தனியா உட்கார்ந்து பார்க்கலையே?”

“கல்யாணமாகி நாங்க சேர்ந்து போனதே மூணு படம். அதுல ஒண்ணு பாதியோட போச்சுன்னு சொல்லுங்க மாஸ்டர்.”

மாஸ்டருக்குப் பதிலாகக் குழாய்தான் களகளவென்று சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டர் பல்லைப் பிடித்தார். முன்னும் பின்னும் அசைத்தார். தாடைக்குள் பழைய கதவு ஒன்று திறக்கிற சத்தம். மாஸ்டர் பிரேக்கோடு கிளட்சையும் சேர்த்து மிதித்தார்.

பல் வந்துவிட்டது.

வழக்கமாக டாக்டர் அதை உடனே தட்டில் போட்டுவிடுவார். இன்று போடவில்லை. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“படம் மட்டம்தான் மாஸ்டர். அதுல மாத்தமில்ல.” குரல் இறங்கியிருந்தது. “ஆனா கடைசியில அவன் மனுஷனா மாறிடுவான்னுதானே நினைக்கறோம்? மாறல. அப்படியே தண்ணியில கரைஞ்சு போயிடறான். அவ அந்தப் பல்லை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, மழை நிக்கற வரைக்கும் உட்கார்ந்திருக்கா பாருங்க. ஒரு வார்த்தை பேசல. அது மட்டும்…”

மாஸ்க்குக்குள் மூக்கு ஒரு தடவை உறிஞ்சியது.

களகளப்பு நின்றது. மனைவி குழாயை அணைத்திருந்தாள்.

பஞ்சைக் கடித்தபடி மாஸ்டர் கண்ணை மட்டும் இடப்பக்கம் திருப்பினார். அவள் பார்வை இப்போது தன் நெற்றியில் இல்லை என்று கண்டதும், எதற்கும் இருக்கட்டும் என்று காலை மறுபடி பிரேக்கில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் புருஷனின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏங்க, நேத்து பேங்க்ல என்ன படம் ஓடுச்சு?”