மயக்கம் தெளியட்டும்

ஆஸ்பத்திரிக் கதைன்னதும் கைக்குட்டையைத் தேடுறீங்களா? உள்ளே வைங்க. இதுல யாரும் சாகலை. பெரியவர் பிழைச்சுட்டார்.

இதய ரத்தக்குழாய்ல அடைப்பு. மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, அடைப்பை விலக்கி, ஸ்டென்ட் வெச்சு, வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வெச்சாச்சு. மணிக்கட்டைச் சுத்தி இறுக்கமா ஒரு பட்டை. கண்ணு மூடியிருக்கு.

மகனும் மகளும் உள்ளே வந்தாங்க. மகன் கல்நெஞ்சன், மகள் தங்கம்னு இப்பவே முடிவு கட்டியிருப்பீங்களே? கொஞ்சம் பொறுங்க.

"அப்பா..." மகள் கட்டிலோரமா குனிஞ்சா.

"எழுப்பாதே. மயக்கம் தெளிய ராத்திரி ஆயிடும்"னான் அண்ணன். "பெரியப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணப்போ மறுநாள்தானே கண்ணு முழிச்சார்?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கிட்டா. குரல் டக்குனு மாறிடுச்சு.

"சரி, டிஸ்சார்ஜ் ஆனா எங்கே கூட்டிட்டுப் போறதா உத்தேசம்?"

"உன் வீட்டுக்குத்தான். மகள் பார்த்துக்கிற மாதிரி வருமா?"

"ஆகா! போன வருஷம் பூரா நான்தானே வெச்சிருந்தேன்?"

"எங்க வீடு மூணாவது மாடிம்மா. லிஃப்ட் கிடையாது. ஹார்ட் பேஷன்ட்டைப் படியேறச் சொல்றியா?"

"அவ்வளவு அக்கறை இருந்தா கீழ் வீட்டுக்கு மாறு."

"அதை உங்க அண்ணிகிட்ட நீயே சொல்லு, பார்ப்போம்."

தலைமாட்டுல இருந்த மானிட்டர் கீக் கீக்னு வேகமெடுத்துச்சு.

"என்னண்ணே இது?"

"ஏதாவது கனவு காண்றாரா இருக்கும்."

அப்புறம் தங்கச்சி பெருமூச்சு விட்டா.

"டாக்டர் என்னடான்னா, இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லைங்கிறார்."

"கவலையே அதானே!"

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

பெரியவரோட கண்ணோரத்துல ஒரு சொட்டு உருண்டு, காதுப்பக்கமா இறங்குச்சு. மகள் கைக்குட்டையால ஒத்தி எடுத்தா.

"பாவம், மயக்கத்துல கண்ணுல தண்ணியா வடியுது."

பக்கத்துக் கட்டில்காரருக்கு அதுக்கு மேல தாங்கலை. அவர் மணிக்கட்டுலயும் அதே பட்டை.

"அம்மா, இந்த வைத்தியத்துக்கு மயக்கம் கொடுக்க மாட்டாங்கம்மா. கை மட்டும்தான் மரத்துப்போகும். இவ்வளவு நேரமா எங்கிட்ட உங்க ரெண்டு பேரைப் பத்தித்தான் வாய் ஓயாம பேசிட்டிருந்தார். நீங்க வர்ற சத்தம் கேட்டதும், 'பசங்க வந்தாச்சு, தூங்குற மாதிரி கிடந்து ஒரு பயம் காட்டுறேன் பாருங்க'ன்னு கண்ணடிச்சிட்டு..."

அவர் பெரியவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"விளையாட்டுக்குக் கண்ணை மூடின மனுஷன்மா. இனிமே எப்படித் திறப்பார்?"