திரும்பிப் போன கடிதம்

"உட்காரு பாப்பா, வேற யார் பேரையோ கூப்பிடுறாங்க" என்றார் கணவர்.

"என்னைத்தாங்க கூப்பிடுறாங்க" என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவர் குழம்பிப்போய்ப் பின்னாலேயே வந்தார்.

அறுபத்து மூன்று வயதிலும் அவள் எல்லோருக்கும் பாப்பாதான். பிறந்த வீட்டுச் செல்லப்பெயர் புகுந்த வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நீளமான சொந்தப் பெயர், பள்ளிச் சான்றிதழோடு பெட்டிக்குள் போனதுதான். எதிர்வீட்டுக்காரி பென்ஷன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தபோதுதான் வெளியே வந்தது.

ஓய்வூதிய அலுவலகத்தின் நான்காவது கவுன்ட்டரில் இருந்த பெண் அலுவலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அறுபது முடிஞ்சதுமே குடுத்திருக்கணுமேம்மா. மூணு வருஷம் லேட். ஏன்?"

"வீட்டோட இருக்கிறவங்களுக்கும் பென்ஷன் உண்டுன்னு எனக்குத் தெரியாதும்மா. போன மாசம் எதிர்வீட்ல சொல்லித்தான்..."

வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினாள். முன்பற்கள் நான்கும் விழுந்து இரண்டு வருடமாகிறது. பல் செட்டுக்கு டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டு மிச்சப் பற்களும் ஆடிவிட்டன.

"தெரியாதுங்கிறதெல்லாம் காரணத்துல சேராது. பழைய பாக்கின்னு மூணு மாசத்துக்குத்தான் போட முடியும்."

மூன்று மாதப் பணத்தில் பாதிப் பல் செட்கூட வராது. பாப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அறுபது ஆகறதுக்கு முன்னாடியே இங்கிருந்து லெட்டர் போயிருக்குமே?"

"வரவே இல்ல!" கணவர் குறுக்கே புகுந்தார். "எங்க தெருவுக்கு ஒரு லெட்டர் வந்து எனக்குத் தெரியாம போயிடுமா? எந்த வீட்ல யார் இருக்காங்கன்னு கண்ணைக் கட்டிட்டுக் கேளுங்க, சொல்றேன். நீங்க அனுப்பியே இருக்க மாட்டீங்க. உங்க தப்புக்கு இவ தலைல மிளகாய் அரைக்காதீங்க!"

"கொஞ்சம் பொறுங்க ஐயா."

உள்ளே போன அலுவலர் தூசி தட்டிய ஒரு கோப்போடு திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"அனுப்பியிருக்கோம். ஆனா திரும்பி வந்திருக்கு" என்று ஓர் உறையைக் கணவரிடம் நீட்டினார். "விலாசம் சரி, பேரும் சரி. உங்க தபால்காரர்தான் அப்படி ஆளே இல்லைன்னு எழுதித் திருப்பிட்டாரு. கவலைப்படாதீங்கம்மா. அவர் மேல ஒரு புகார் எழுதிக் குடுங்க. மூணு வருஷமும் முழுசா வந்துடும்."

பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாயை மறைக்கவும் மறந்து சிரித்தாள்.

கணவர் சிரிக்கவில்லை. உறையைப் பார்த்தார். அப்புறம் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

"புகாரெல்லாம் எதுக்கு? மூணு மாசம் கிடைச்சா போதும். கிளம்பு."

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? இப்பதானே ஆபீஸையே ஒரு பிடி பிடிச்சீங்க?"

"பாவம், அவனும் பிள்ளைகுட்டிக்காரன். வெயில்ல அலையற வேலை. ஏதோ கவனக்குறைவு."

கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தாலே உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிற மனிதர் இவர். இன்றைக்கு என்ன திடீர் தருமசிந்தனை? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்ப என் பல்லு?"

"அதான் இத்தனை நாள் ஓட்டிட்டியே" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஐயா, பணம் அவங்களுது. அவங்க முடிவு பண்ணட்டும்" என்றார் அலுவலர். "அந்த ஆள் ரிட்டயர் ஆகியிருந்தாலும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. யாருன்னு தேடறதுதான் கஷ்டம். கையெழுத்து ஒரே கிறுக்கல்."

கணவர் அவசரமாக உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். பாப்பா அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

அவள் வீட்டு எண். அவள் பெயர். குறுக்கே சிவப்பு மையில் ஒரு வரி: 'விசாரித்ததில் இந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை.' கீழே ஒரு கிறுக்கல்.

ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். அலுவலரிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

"யாரையும் தேட வேணாம்மா. இந்த லெட்டர் வந்தப்ப எங்க தெருவுக்கு இவர்தான் தபால்காரர்" என்று கணவரைக் காட்டினாள். "அத்தனை வீட்டு ஆளுங்க பேரும் இவருக்கு மனப்பாடம். கட்டின பொண்டாட்டி பேருதான் தெரியல."