ரெசல்யூட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்

கனடாவின் வடகோடியில், ரெசல்யூட்டிலிருந்து எங்கள் ஊரான கிரீஸ் ஃபியோர்டுக்கு நானூறு கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ரெசல்யூட்டில் அக்கா வீட்டில் இறந்துபோன அப்பாவின் சவப்பெட்டியோடு விமானம் காலையிலேயே கிளம்பிவிட்டது. மாலையாகியும் வந்து சேரவில்லை.

“ஏண்டா பாலூசி, நடந்தா வருது உன் விமானம்?” என்று ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்கிறவனிடம் கத்தினேன்.

“எனக்கென்னக்கா தெரியும்? இவ்வளவு நேரம் பறக்க அதுல பெட்ரோலே கிடையாது,” என்றான்.

ஒருவழியாக வந்து இறங்கியது. விமானி தன் கடிகாரத்தைக் காட்டினார். அதன்படி கிளம்பி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. வழியில் எங்கும் இறங்கவில்லை என்றார்.

அப்பாவுக்கு விமானமே பிடிக்காது. நாய்களைப் பூட்டிப் பனிவண்டியில்தான் போவார். பாதி வழியில் நிறுத்தி, பனியை உருக்கி டீ போட்டுக் குடிக்காமல் நகரமாட்டார். அவருடைய தகரக் குவளையைப் பெட்டியின் மேல் கட்டி அனுப்பியிருந்தாள் அக்கா. அவிழ்த்தேன். கை சுட்டது. அடியில் டீத்தூளும் கரையாத சர்க்கரையும் கிடந்தன. தொடவே கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்த சர்க்கரை.

பெட்டியை ஓங்கித் தட்டினேன்.

“செத்தும் உங்களுக்கு டீ கேக்குதா? காலையிலேர்ந்து இந்தக் குளிர்ல நிக்கிறேனே, எனக்கு ஒரு வாய் வச்சீங்களா?”