நீலத் தலைத்துணி

பார்செலோஸ் ஊர்ப் பாலத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஆற்றுப்பனி இன்னும் கலையவில்லை. சந்தைக்குப் போகிற கூட்டத்தில் தலைகளும் கூடைகளும் மட்டும் மிதந்து போயின. எர்மெலிண்டாவும் மிதந்து போனாள்.

முட்டைக்கோஸும் ஒரு கோழியும் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். சொன்னது பூனையிடம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சோள ரொட்டி வாசனை, பானைக்காரியின் அதட்டல், கால் கட்டிய சேவல்களின் முனகல். எல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பதாகத் தோன்றியது.

துணிக்கடை குஸ்தோதியோவின் கூடாரத்தில் அவள் கால் நின்றுவிட்டது. கயிற்றில் ஒரு நீலத் தலைத்துணி ஆடிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் பொடிப்பொடியாக மஞ்சள் பூ. தொட்டாள், உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் உடுத்தியிருந்ததெல்லாம் கறுப்பு. தலைத்துணி, பாவாடை, காலுறை வரைக்கும். துவைத்துத் துவைத்து அந்தக் கறுப்பே வெளுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கறுப்பைப் போடுவது சுலபம். கழற்றினால் ஊர் வாய் சும்மா இருக்காது.

"போதும்க்கா" என்று குஸ்தோதியோ கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தான். "இன்னும் எத்தன வருஷத்துக்கு அழுவீங்க? செத்தவரு எந்திரிச்சு வந்து சண்டையா போடப்போறாரு? சும்மா கட்டிப் பாருங்க."

அவள் கை தாடைக்கடியில் முடிச்சைத் தேடியது. கறுப்பை அவிழ்த்தாள். காதில் காற்றுப் பட்டது. என்ன சுகம்! கண்ணாடியில் இருந்தவளை அவளுக்குப் பிடித்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

பேரம் பேசாமல் வாங்கினாள். குஸ்தோதியோவே ஆடிப்போனான்.

அப்புறம் நாள் போனதே தெரியவில்லை. ரொட்டிமேல் சுட்ட மத்தி மீனை வைத்துத் தின்றாள். அக்கார்டியன் வாசிக்கிறவன் எதிரே வெகுநேரம் நின்றாள். கோழியை மறந்தே போனாள்.

திரும்புகிற பஸ்ஸின் படியில் கால் வைத்ததும் அப்படியே நின்றாள். உள்ளே இருந்தது மொத்தமும் அவள் ஊர். கூடைக்குள் கிடந்த கறுப்பை நோக்கிக் கை போனது. வெறும் கையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அடுத்த வீட்டு ஜெனோவேவா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அடியே! பிரான்சுலேருந்து உன் புருஷன் வந்துட்டாரா? எப்போ வந்தாரு? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன!"

பெண்கள் கைதட்டினார்கள். புருஷன் உயிரோடு இருந்தாலும், எல்லை தாண்டிப் பிழைக்கப் போய்விட்டால் எங்கள் பெண்கள் கறுப்பு உடுத்துவார்கள்; அவன் திரும்பி வாசலில் கால் வைக்கிற அன்றுதான் கழற்றுவது வழக்கம்.

"அவரு வரலக்கா" என்றாள் எர்மெலிண்டா. "இனிமே நான் காத்திருக்கப் போறதில்ல."

கைதட்டல் நின்றது. ஜெனோவேவா கையை விட்டாள். யாரும் எர்மெலிண்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி இருக்கையில் கறுப்பு உடுத்திய ஒருத்தி மெல்ல நகர்ந்து இடம் விட்டாள். பஸ் கிளம்பிய சத்தத்தில், அருகில் உட்கார்ந்த எர்மெலிண்டா பக்கம் குனிந்து, நீலத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எந்தக் கடையில வாங்கின?"