முகப்புப் படத்தில் ஒரு கை

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு மசாலா மில்லுக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மல்லி மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து, மில்லின் பேஸ்புக் பக்கத்துக்கு முகப்புப் படம் செய்துகொண்டிருக்கிறாள் ரேஷ்மா. இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றில் வளையல் போட்ட மாடல் பெண்ணின் வழுவழுப்பான கை. மற்றதில், இருபது வருஷமாக இங்கே அரைக்கும் நாகையாவின் கை, வெடிப்பெல்லாம் மஞ்சள். "மாடல் கையவே போடும்மா. இவரு கையப் பாத்தா எவன் வாங்குவான் லா?" என்கிறார் முதலாளி கமலநாதன். நாகையா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார். "அங்கிள், போன்ல ரெண்டு ஓரமும் வெட்டிடும். நடுவுல என்ன நிக்குதோ அதான் கண்ணுல படும். இதப் பாருங்க," என்று ரேஷ்மா நாகையாவின் படத்தைத் திரை முழுக்க விரிக்கிறாள். விரலிடுக்கில் உதிரும் தூள் வெயில் பட்டு அந்தரத்தில் நிற்கிறது. அரவை இரைச்சலே அடங்கிப்போனதுபோல் இருக்கிறது நாகையாவுக்கு. கமலநாதன் தோள் துண்டை எடுத்துத் திரையைத் துடைக்கிறார். தூள் போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைக்கிறார். "அங்கிள், அது படத்துல இருக்கிற தூள்!" ரேஷ்மா சிரிக்கிறாள். கமலநாதன் சிரிக்கவில்லை. துண்டு பிடித்த கை திரைமேலேயே நிற்கிறது. "இதையே போடு," என்கிறார் மெதுவாக. ஒரு உள்ளங்கைக்குள் இத்தனை வெளிச்சமா என்று நாகையா மூச்சுவிடாமல் பார்க்கிறார்.