மூன்று முறை அழுதேன்

சுதந்திரம் வந்த மறுவருஷம், துறைமுகக் குமாஸ்தா கலீலுல்லா ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்தார். கதை எழுதுவது, தைப்பது, அட்டை ஒட்டுவது எல்லாம் அவரே. மாதம் ஒரு பிரதி. அது ராயபுரத்தில் இருபது வீடு சுற்றிவிட்டுத் திரும்பும். பின்னட்டை வாசகர் கருத்துக்கு. ஐந்து மாதமாக அது வெறுமையாகவே திரும்பியது.

“எழுதறதே தண்டம், சுப்பராயா. இனிமே பேனாவத் தொட மாட்டேன்.”

“பேஜாராவாத மாமு. கருத்து எழுதாதவன் பேரை அடுத்த மாசம் போடுவேன்னு முன்னட்டைல எழுதிடு” என்றார் நண்பர் சுப்பராயன்.

ஆறாவது இதழ் திரும்பியபோது பின்னட்டையில் இடமே இல்லை. கல்மண்டபம் டீக்கடையில் சுப்பராயனை உட்காரவைத்து, கலீலுல்லா உரக்கப் படித்தார்.

“‘மூன்று முறை படித்தேன்; மூன்று முறையும் அழுதேன். சுப்பராயன்.’ அட என் தோஸ்து! நீ அழுத எடத்த நீயே படிச்சுக் காட்டு, நைனா.”

சுப்பராயன் இதழைப் பிரிக்கப் பார்த்தார். தாள் பிரியவில்லை. நகத்தால் நெம்பினார். அட்டைக்குத் தடவிய மைதாப் பசை ஓரமெல்லாம் வழிந்து காய்ந்து, கதை முழுவதும் ஒரே பலகையாக ஒட்டியிருந்தது.

“நான் அழுத அழுகைல ஒட்டிகினு கீது, மாமு” என்றார்.

அடுத்த மாதம் கலீலுல்லா கதையே எழுதவில்லை. வெற்றுத் தாளைத் தைத்து, பசையைத் தாராளமாகத் தடவி அனுப்பினார்.

பின்னட்டை நிரம்பி வந்தது. முதல் கருத்து: “சென்ற கதையைவிட இதில் ஆழம் அதிகம்.”